ரீஜன் ஃப்ரீ பிளேயர்: வெளிநாட்டு டிஸ்க் பார்ப்போர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

எங்கள் ஊர்த் திரைப்படக் கழகத்தில் டிஸ்க் இரவல் கொடுக்கும் பொறுப்பு சில ஆண்டுகளாக என்னிடம் இருக்கிறது. உறவினர் வாங்கி வந்த டிவிடி ஓடவில்லை, ஆசைப்பட்டு வரவழைத்த ப்ளூ-ரே ஓர் எச்சரிக்கையைக் காட்டிவிட்டு நின்றுவிட்டது என்று வருவோர் கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றாகவே இருப்பதால், அவற்றை அவர்கள் கேட்ட வாக்கிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். விடைகள் இந்தியாவில் இருந்துகொண்டு வெளிநாட்டு டிஸ்க் பார்க்க விரும்புவோரை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. டிஸ்க் விற்பனைக்காக உலகைப் பிரித்த மண்டலக் கணக்கில் இலங்கையும் இந்தியாவோடு சேர்ந்ததே என்பதால், அங்கே இருப்போருக்கும் பெரும்பகுதி அப்படியே பொருந்தும்.

காசு கொடுத்து வாங்கிய அசல் டிஸ்க்தானே, அது ஏன் என் பிளேயரில் ஓட மறுக்கிறது?

டிவிடி 1996-ஆம் ஆண்டின் இறுதியில் ஜப்பானிலும் 1997-இல் அமெரிக்காவிலும் விற்பனைக்கு வந்தபோது, ஒரு படம் எல்லா நாடுகளிலும் ஒரே நாளில் வெளியாகும் வழக்கம் இல்லை. அமெரிக்கத் திரையரங்குகளில் ஓடி முடிந்து பல மாதங்கள் கழித்தே ஐரோப்பாவுக்கும் ஆசியாவுக்கும் பல படங்கள் வந்தன. அதற்குள் அமெரிக்க டிவிடி இங்கே வந்து சேர்ந்துவிட்டால் திரையரங்க வசூல் கெடும் என்று படநிறுவனங்கள் அஞ்சின. நாட்டுக்கு நாடு வேறு விலை வைப்பதும், வெளியீட்டு உரிமையை நாடுவாரியாகப் பிரித்து விற்பதும் அவற்றுக்கு இருந்த மற்றக் காரணங்கள்.

ஆகவே உலகை மண்டலங்களாகப் பிரித்து, டிஸ்கிலும் பிளேயரிலும் மண்டல அடையாளத்தைப் பதித்து, இரண்டும் பொருந்தினால்தான் படம் ஓடும் என்று ஏற்பாடு செய்தார்கள். இதைத்தான் ரீஜன் கோடு என்கிறோம். இந்தப் பூட்டு இல்லாமல் எல்லா மண்டல டிஸ்கையும் ஓட்டுவது ரீஜன் ஃப்ரீ பிளேயர். ஓடாத டிஸ்கைத் துணியால் துடைத்துத் துடைத்துப் பார்ப்பதில் பயனில்லை. அதில் பழுது எதுவும் இருக்காது.

இந்தியா எந்த மண்டலம்? டிஸ்கில் அதை எங்கே பார்ப்பது?

டிவிடியைப் பொறுத்தவரை இந்தியா, இலங்கை, பாகிஸ்தான், ரஷ்யா, ஆப்பிரிக்காவின் பெரும்பகுதி ஆகியவை 5-ஆம் மண்டலம். அமெரிக்காவும் கனடாவும் 1, மேற்கு ஐரோப்பா, வளைகுடா நாடுகள், தென்னாப்பிரிக்கா, ஜப்பான் ஆகியவை 2, சிங்கப்பூர், மலேசியா, ஹாங்காங், தென்கொரியா ஆகியவை 3, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, லத்தீன் அமெரிக்கா ஆகியவை 4, சீனா 6. விமானங்களுக்கும் சொகுசுக் கப்பல்களுக்கும் என்றே 8 என்று ஓர் எண் இருக்கிறது என்பது பலருக்கு வியப்பாக இருக்கும்.

2006-இல் வந்த ப்ளூ-ரே இந்தக் கணக்கை மூன்று எழுத்துகளாகச் சுருக்கியது. அமெரிக்கக் கண்டங்கள், ஜப்பான், கொரியா, தென்கிழக்கு ஆசியா ஆகியவை ஏ. ஐரோப்பா, ஆப்பிரிக்கா, மேற்காசியா, ஆஸ்திரேலியா ஆகியவை பி. இந்தியா, இலங்கை, சீனா, ரஷ்யா உள்ளிட்டவை சி. இரண்டு கணக்கும் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை என்பதை இங்கேயே மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள்: டிவிடியில் ஜப்பானும் இங்கிலாந்தும் ஒரே மண்டலம், ப்ளூ-ரேயில் வேறு வேறு. அடையாளம் உறையின் பின்பக்கம் கீழ்ப்பகுதியில் இருக்கும். டிவிடியானால் ஒரு சிறிய உலக உருண்டைக்குள் எண். ப்ளூ-ரேயானால் அறுகோணம் போன்ற கட்டத்துக்குள் எழுத்து.

இந்தப் பாடெல்லாம் எதற்கு? இங்கே கிடைக்கிற டிஸ்கையே பார்த்தால் போதாதா?

போதும் என்போருக்கு இந்தப் பக்கமே தேவையில்லை. ஆனால் சத்யஜித் ராயின் அப்பு வரிசைப் படங்களை எடுத்துக்கொள்ளுங்கள். 1993-இல் லண்டனில் ஒரு பிலிம் கூடத்தில் ஏற்பட்ட தீ விபத்தில் அவற்றின் மூல நெகடிவ்கள் கருகிச் சிதைந்தன. எஞ்சியதைக் காப்பாற்றி, இத்தாலியின் பொலோனா நகரிலுள்ள ஆய்வகத்தில் பிலிம் சுருளைக் கையால் செப்பனிட்டு, 2015-இல் புதுப்பித்து வெளியிட்டார்கள். அந்தப் பதிப்பை அமெரிக்காவின் கிரைட்டீரியன் நிறுவனம் ப்ளூ-ரேயாகக் கொண்டுவந்தது. அதில் ஏ மண்டலப் பூட்டு இருக்கிறது. வங்காளத்தில் எடுத்த படம் வங்காளத்தில் விற்ற பிளேயரில் ஓடாது. என்னை ரீஜன் ஃப்ரீ பிளேயர் தேட வைத்தது இந்த முரண்தான்.

என் அக்கா டொராண்டோவிலிருந்து கொண்டுவந்த தமிழ்ப் பட டிவிடிகள் இங்கே நன்றாக ஓடுகின்றன. கனடா 1-ஆம் மண்டலம்தானே?

நாடு 1-ஆம் மண்டலம் என்பதால் அங்கே விற்கும் ஒவ்வொரு டிஸ்கும் பூட்டப்பட்டிருக்க வேண்டும் என்பதில்லை. பூட்டுவதும் விடுவதும் வெளியிடுவோரின் விருப்பம். வெளிநாட்டுத் தமிழருக்காக வெளியான டிவிடிகளில் பெரும்பாலானவை எல்லா மண்டலங்களுக்கும் திறந்தே வைக்கப்பட்டவை. லண்டன், டொராண்டோ, கோலாலம்பூர் என்று ஒரே டிஸ்கை எல்லா ஊரிலும் விற்க வேண்டியவர்கள் பூட்டினால் நட்டம் அவர்களுக்கே. உறையில் 0 என்றோ 'ஆல்' என்றோ இருக்கும்.

ஆகவே பிளேயருக்குப் பணம் செலவழிக்கும் முன், நீங்கள் பார்க்க விரும்பும் டிஸ்குகளைப் பட்டியலிட்டு, அவற்றில் எத்தனை உண்மையில் பூட்டியவை என்று பாருங்கள். ப்ளூ-ரேயில் இது இன்னும் முக்கியம். ஏ, பி, சி மூன்றும் அச்சிட்ட டிஸ்குகள் ஏராளம். பி என்று மட்டும் அச்சிட்டிருந்தும் உள்ளே பூட்டே இல்லாதவையும் உண்டு. பட்டியலில் பூட்டியவை இரண்டு மூன்றுதான் என்றால் புதுப் பிளேயர் வாங்குவது வீண்செலவு என்பது என் கருத்து.

லண்டன் டிவிடியும் 2, ஜப்பான் டிவிடியும் 2. ஒன்று ஒழுங்காகத் தெரிகிறது, இன்னொன்று பழைய டிவியில் கறுப்பு வெள்ளையாக உருளுகிறது. ஏன்?

இது மண்டலச் சிக்கலே இல்லை. தொலைக்காட்சி முறைகளின் வேறுபாடு. இந்தியா, இலங்கை, இங்கிலாந்து, ஆஸ்திரேலியா போன்றவை பேல் முறையைக் கைக்கொண்டன. அமெரிக்கா, கனடா, ஜப்பான் ஆகியவை என்.டி.எஸ்.சி. முறையை. பேல் டிவிடியில் படத்துக்கு 576 வரிகள், நொடிக்கு 25 சட்டங்கள் (ஃபிரேம்கள்). மற்றதில் 480 வரிகள், நொடிக்கு ஏறத்தாழ 30 சட்டங்கள். மண்டலம் பொருந்திப் பிளேயர் படத்தை ஓடவிட்டாலும், அதை வாங்கிக் காட்டும் டிவிக்கு அந்த முறை புரிய வேண்டும்.

எச்.டி.எம்.ஐ. இணைப்புள்ள இன்றைய இந்திய டிவிகள் பொதுவாக இரண்டையும் ஏற்பதால் கவலை இல்லை. மஞ்சள், சிவப்பு, வெள்ளைக் கம்பிகளில் இணைக்கும் பழைய பெட்டி டிவிதான் இருக்கிறது என்றால், ஒரு முறையை மற்றொன்றாக மாற்றித் தரும் பிளேயர் வேண்டும். அமைப்புப் பட்டியலில் (மெனுவில்) டிவி முறையைத் தேர்ந்தெடுக்கும் இடம் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

பெட்டியிலேயே 'ரீஜன் ஃப்ரீ' என்று பெரிதாகப் போட்டிருக்கிறது. நம்பி வாங்கலாமா?

நானும் அப்படி நம்பித்தான் முதல் பிளேயரை ஓர் இணையக் கடையில் வாங்கினேன். ப்ளூ-ரே பிளேயர், ரீஜன் ஃப்ரீ என்று இரண்டும் ஒரே வரியில் இருந்தன. வந்த பிறகுதான் தெரிந்தது, டிவிடிக்கு மட்டுமே பூட்டு நீக்கியிருந்தார்கள். ப்ளூ-ரேக்கு அது ஒரே எழுத்துக்குக் கட்டுப்பட்ட சாதாரணப் பிளேயராகவே இருந்தது. கடைக்காரர் பொய் சொல்லவில்லை, ஆனால் பாதியைத்தான் சொல்லியிருந்தார். திருப்பி அனுப்பும் செலவு என் தலையில் விழுந்தது.

அன்றிலிருந்து 'ரீஜன் ஃப்ரீயா?' என்று ஒரே கேள்வியாகக் கேட்பதை விட்டுவிட்டேன். டிவிடி 0 முதல் 8 வரை ஓடுமா? ப்ளூ-ரே ஏ, பி, சி மூன்றும் ஓடுமா, மண்டலத்தை மாற்றும் வழி என்ன? பேல், என்.டி.எஸ்.சி. இரண்டையும் மாற்றித் தருமா? மின்சாரம் எத்தனை வோல்ட்? இந்த நான்கையும் தனித்தனியாகக் கேட்டு, விடையை எழுத்தில் வாங்கிக்கொள்கிறேன். எழுத்தில் தரத் தயங்குகிற கடையை அத்தோடு விட்டுவிடுவது நல்லது.

ரிமோட்டில் ஏதோ எண்களை அழுத்தினால் பூட்டு திறந்துவிடும் என்கிறார்களே?

டிவிடி பிளேயர்களில் பலவற்றுக்கு அது உண்மை. தொழிற்சாலையில் எல்லா நாடுகளுக்கும் ஒரே இயந்திரத்தைச் செய்து கடைசியில் மண்டலத்தை மட்டும் அமைப்பதற்காக ஒரு மறைவான பட்டியலை வைத்திருப்பார்கள். தட்டைத் திறந்து வைத்துக்கொண்டு குறிப்பிட்ட எண்களை வரிசையாக அழுத்தினால் அது திரையில் வரும். எண்வரிசை மாடலுக்கு மாடல் வேறுபடும்.

ப்ளூ-ரேயில் இந்த வழி அபூர்வம். பெரும்பாலும் பிளேயரைப் பிரித்து உள்ளே ஒரு சிறிய மின்பலகையைப் பற்றவைத்தோ, அதன் மென்பொருளை மாற்றியோதான் பூட்டை நீக்குகிறார்கள். வெளிநாடுகளில் சோனி, பானசோனிக் பிளேயர்களை வாங்கி இப்படி மாற்றி விற்பதையே தொழிலாகச் செய்யும் கடைகள் உள்ளன. அவற்றின் விலை சாதாரணப் பிளேயரைவிடக் கணிசமாகக் கூடுதல். பிரித்த பிறகு தயாரிப்பாளரின் உத்தரவாதம் செல்லாது, மாற்றி விற்றவர் தரும் உத்தரவாதத்தையே நம்ப வேண்டும். ஆகவே அந்த உத்தரவாதத்தின்படி பழுது பார்க்கப் பிளேயரை எந்த நாட்டுக்கு அனுப்ப வேண்டியிருக்கும் என்று முன்கூட்டியே கேளுங்கள்.

4கே டிஸ்குக்கும் இதே தொல்லை உண்டா?

இல்லை. 2016-இல் விற்பனைக்கு வந்த 4கே ப்ளூ-ரேயில் மண்டலப் பூட்டே கிடையாது. எந்த நாட்டு 4கே டிஸ்கும் எந்த நாட்டு 4கே பிளேயரிலும் ஓடும். புதிதாகச் சேகரிக்கத் தொடங்குவோர், தாங்கள் விரும்பும் படங்கள் 4கே-யில் கிடைக்கின்றன என்றால், சாதாரண 4கே பிளேயரோடு நிறுத்திக்கொள்ளலாம்.

ஒரே ஓர் இடத்தில் ஏமாற வாய்ப்பு இருக்கிறது. பல பெட்டிகளில் 4கே டிஸ்குடன் ஒரு ப்ளூ-ரே டிஸ்கும் இருக்கும். இயக்குநரின் நேர்காணல், படப்பிடிப்புக் காட்சிகள் போன்றவை பெரும்பாலும் அந்த இரண்டாவது டிஸ்கில்தான் இருக்கும். அதற்குப் பூட்டு இருக்கக்கூடும். படம் ஓடும், நேர்காணல் ஓடாது.

அமெரிக்காவில் இருக்கும் மகன் அங்கிருந்தே பிளேயர் வாங்கி வருகிறேன் என்கிறான். வாங்கி வரச் சொல்லலாமா?

முதலில் மின்சாரத்தைப் பாருங்கள். அமெரிக்க மின்சாரம் 120 வோல்ட், நம்முடையது 230. பிளேயரின் பின்பக்கத்திலோ அடாப்டரிலோ 100–240 வோல்ட் என்று அச்சிட்டிருந்தால் பிளக்கின் ஊசிமாற்றி ஒன்று போதும். 120 என்று மட்டும் இருந்தால், நேராகச் செருகிய கணமே பிளேயர் போய்விடும். மின்னழுத்தத்தைக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர் கட்டாயம் தேவை. தனி அடாப்டரில் ஓடும் சிறிய பிளேயரானால், அதே அளவு வெளியீடு தரும் இந்திய அடாப்டரை வாங்கிக்கொள்ளலாம். இங்கிலாந்திலிருந்து வருவதில் இந்தத் தொல்லை இல்லை. ஊசி வடிவம் மட்டும் வேறு.

அடுத்தது, அமெரிக்கக் கடையில் சாதாரணமாக வாங்குவது டிவிடிக்கு 1, ப்ளூ-ரேக்கு ஏ மட்டுமே ஓட்டும். உங்களிடம் இருப்பவை அமெரிக்க டிஸ்குகள் மட்டும்தான் என்றால், மாற்றப்பட்ட பிளேயருக்கு அதிக விலை கொடுப்பதைவிட, இந்தியப் பிளேயர் ஒன்றும் அமெரிக்கப் பிளேயர் ஒன்றுமாக இரண்டை வைத்துக்கொள்வது மலிவாக முடியும். நம் கழகத்தில் இருவர் அப்படித்தான் செய்கிறார்கள். தபாலிலோ கூரியரிலோ வரவழைத்தால் சுங்க வரியும் சேரும் என்பதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய ஆப்போ பிளேயர் ஒன்று இரண்டாம் கையாக வருகிறது. விலை கேட்டால் மலைப்பாக இருக்கிறது.

ஆப்போ 2018-இல் பிளேயர் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தது. தரம் நன்றாக இருந்ததால் பழையவற்றுக்கு இன்னும் மதிப்பு இருக்கிறது. ஆனால் பிளேயரில் தேய்வது டிஸ்கைப் படிக்கும் லேசர் தலை. அது போனால் மாற்று உதிரிபாகம் கிடைப்பது ஆண்டுக்கு ஆண்டு கடினமாகிறது. நேரில் சென்று, இரட்டை அடுக்கு டிவிடி ஒன்றையும் முழுநீளப் ப்ளூ-ரே ஒன்றையும் கடைசி அரைமணி நேரம் வரை ஓட்டிப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

கணினியில் பார்த்தால் பூட்டு இல்லையாமே?

டிவிடி டிரைவிலும் பூட்டு உண்டு. 2000-ஆம் ஆண்டு முதல் வந்த டிரைவ்களில் மண்டலத்தை ஐந்து முறை மட்டுமே மாற்றலாம். ஐந்தாவது முறை அமைத்த எண் அப்படியே நிலைத்துவிடும். விண்டோஸை மீண்டும் நிறுவினாலும் மாறாது, ஏனெனில் கணக்கு டிரைவுக்குள்ளேயே இருக்கிறது. வி.எல்.சி. போன்ற மென்பொருள் பல டிரைவ்களில் இந்த எண்ணைப் பொருட்படுத்தாமல் டிவிடியை ஓட்டிவிடும். சில டிரைவ்கள் அதற்கும் இடம்கொடுப்பதில்லை.

ப்ளூ-ரேயில் நிலைமை வேறு. அங்கே மண்டலத்தைச் சோதிப்பது டிரைவ் அன்று, விலைக்கு வாங்கும் பிளேயர் மென்பொருள். கடையில் விற்கும் ப்ளூ-ரே டிஸ்கை வி.எல்.சி.யை நிறுவிய கையோடு ஓட்டிவிட முடியாது. நகலெடுப்பதைத் தடுக்க டிஸ்கில் போட்டிருக்கும் குறியாக்கம் தடுக்கும்.

வீட்டில் ப்ளேஸ்டேஷன் இருக்கிறது. அதில் எல்லா நாட்டு விளையாட்டு டிஸ்கும் ஓடுகிறது. படமும் ஓடும்தானே?

ஓடாது. ப்ளேஸ்டேஷன் 3 முதல் விளையாட்டுகளுக்குப் பொதுவாகப் பூட்டு இல்லை, ஆனால் டிவிடிக்கும் ப்ளூ-ரேக்கும் அது விற்கப்பட்ட நாட்டின் மண்டலமே செல்லும். டிஸ்க் தட்டுள்ள ப்ளேஸ்டேஷன் 5-இல் 4கே படங்கள் மட்டும், மேலே சொன்ன காரணத்தால், எந்த நாட்டினுடையதும் ஓடும்.

எல்லா மண்டலமும் ஓடும் பிளேயர்தான், ஆனாலும் ஓர் அமெரிக்க டிவிடி மட்டும் 'இந்தப் பிளேயரில் ஓடாது' என்கிறது.

மண்டலம் 0 என்று அமைத்த பிளேயர்கள் பெருகியதைக் கண்ட அமெரிக்கப் படநிறுவனங்கள் சில, 2000-ஆம் ஆண்டு வாக்கில் இன்னொரு தந்திரத்தைக் கையாண்டன. டிஸ்கில் உள்ள சிறு நிரல், 'நீ எந்த எண்?' என்று பிளேயரையே கேட்கும். '1' என்று பதில் வந்தால் படம் தொடங்கும். வேறு எது வந்தாலும் எச்சரிக்கைத் திரையோடு நிறுத்திவிடும்.

தீர்வு எளிது. ரிமோட் வழியாக மண்டலத்தை 0 என்பதிலிருந்து 1-க்கு மாற்றிவிட்டு டிஸ்கைப் போடுங்கள். இதனால்தான், எல்லாவற்றுக்கும் ஒரே 0 என்று அமைத்த பிளேயரைவிட, எண்ணை நாமே மாற்றக்கூடிய பிளேயர் மேல் என்று சொல்வது வழக்கம். கடைக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்விகளில் மாற்றும் வழியையும் சேர்த்திருப்பதற்கு இது ஒரு காரணம்.

பிளேயரை இணையத்தோடு இணைத்தேன், ஏதோ புதுப்பித்துக்கொண்டது. அதன் பிறகு வெளிநாட்டு ப்ளூ-ரே ஓடவில்லை.

மென்பொருளை மாற்றிப் பூட்டு நீக்கியிருந்தால், தயாரிப்பாளர் அனுப்பும் ஃபர்ம்வேர் (பிளேயரை இயக்கும் உள் மென்பொருள்) அந்த மாற்றத்தை அழித்துவிடலாம். மாற்றப்பட்ட பிளேயர் கைக்கு வந்தவுடன் தானியங்கிப் புதுப்பிப்பை நிறுத்திவிடுங்கள். ஆனால் ஒருபோதும் புதுப்பிக்காமலே இருப்பதும் நடக்காது. ப்ளூ-ரேயின் குறியாக்கச் சாவிகள் காலந்தோறும் மாறுவதால், புதிதாக வரும் சில டிஸ்குகள் பழைய ஃபர்ம்வேரில் ஓட மறுக்கும். ஆகவே புதுப்பிக்கும் முன், எந்தப் பதிப்பு வரை பாதுகாப்பு என்று மாற்றி விற்றவரிடம் கேட்பது ஒன்றே வழி.

இப்படிப் பூட்டு நீக்கிய பிளேயர் வைத்திருப்பது சட்டவிரோதமா?

நான் வழக்கறிஞன் அல்லன், படித்ததைச் சொல்கிறேன். 2012-இல் இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 65ஏ பிரிவு, தொழில்நுட்பப் பாதுகாப்பை மீறுவதைக் குற்றமாக்குகிறது. ஆனால் பதிப்புரிமையை மீறும் நோக்கத்தோடு செய்தால் என்ற நிபந்தனையோடு. விலை கொடுத்து வாங்கிய அசல் டிஸ்கை வீட்டில் பார்ப்பவருக்கு அந்த நோக்கம் இருப்பதாகச் சொல்வது கடினம். ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் இன்னும் தெளிவாக, வெளிநாட்டு அசல் படத்தைத் தடுக்கும் சந்தைப் பிரிப்பு ஏற்பாட்டுக்குச் சட்டப் பாதுகாப்பு இல்லை என்றே எழுதிவைத்திருக்கின்றன. நகலெடுத்து விற்பதும், கட்டணம் வாங்கித் திரையிடுவதும் வேறு கதை. அவற்றுக்கு இந்த விடை பொருந்தாது.

அமெரிக்கப் பதிப்பு 120 நிமிடம், இங்கிலாந்து டிவிடி 115 நிமிடம். ஐந்து நிமிடத்தை வெட்டிவிட்டார்களா?

பெரும்பாலும் வெட்டியிருக்க மாட்டார்கள். திரைப்படம் நொடிக்கு 24 சட்டங்களில் எடுக்கப்படுகிறது. பேல் முறைக்கு 25 வேண்டும். படத்தைச் சற்றே வேகமாக ஓட்டி இந்த இடைவெளியைச் சரிக்கட்டுகிறார்கள். அப்போது 120 நிமிடப் படம் 115 நிமிடம் 12 நொடியில் முடிந்துவிடும். குரலும் இசையும் இம்மியளவு உயர்ந்து ஒலிக்கும். சுருதி ஞானம் உள்ளவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள், எனக்குத் தெரிவதில்லை. ப்ளூ-ரேயில் 24 சட்டங்களையே அப்படியே பதிய முடியும் என்பதால் இந்தக் குறை பொதுவாக இல்லை.

கனடாவில் இருக்கும் தங்கைக்கு இங்கிலாந்துப் ப்ளூ-ரே ஒன்றை அனுப்பினேன். அவளிடம் ரீஜன் ஃப்ரீ பிளேயர் இருந்தும், படம் ஓடுகிறது, கூடுதல் காட்சிகள் மட்டும் வெறும் திரையாக இருக்கின்றன. இது என்ன கூத்து?

மண்டலப் பூட்டு திறந்துவிட்டது. தடுப்பது முன்பு சொன்ன தொலைக்காட்சி முறையின் எச்சம். ஐரோப்பிய, ஆஸ்திரேலியப் ப்ளூ-ரேகளில் படம் 24 சட்டங்களில் இருந்தாலும், தொலைக்காட்சிக்காக எடுத்த நேர்காணல்களும் ஆவணப் பகுதிகளும் நொடிக்கு 50 துடிப்பு முறையில், அதாவது திரையில் படம் நொடிக்கு 50 முறை புதுப்பிக்கப்படும் வகையில், பதிந்திருக்கும். வட அமெரிக்காவில் விற்கும் டிவிகளில் பல 60 துடிப்பை மட்டுமே ஏற்கும். இந்தியாவில் இருக்கும் நமக்கு இது பொதுவாக வருவதில்லை.

தங்கையின் பிளேயர் அமைப்பில் 50-ஐ 60-ஆக மாற்றித் தரும் வசதி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். மாற்றப்பட்ட பிளேயர்கள் பலவற்றில் இருக்கும். இல்லையென்றால் அந்த டிஸ்கை வீட்டிலுள்ள கணினித் திரையில் இணைத்துப் பார்க்கலாம், அது 50-ஐ ஏற்கும் திரையாக இருந்தால்.